மூணு மாசம் தப்பிய லைசென்ஸ்

ஜூலை 10, வியாழன், இரவு பத்தே முக்கால்.

போன் பேசிக்கொண்டே பைக் ஓட்டியதற்கு இன்று ஆர்டிஓ ஆபீசில் விசாரணை. லைசென்ஸை மூணு மாசம் முடக்கினால் என் வேலை காலி. டயாலிசிஸ் மெஷின் ரிப்பேருக்கு ஊர் ஊராகப் போகிறவன் நான்.

வக்கீல் கார்த்தி என் கூடப் படித்தவன். “மாப்ள, தப்பை ஒத்துக்க. ஆனா ஒன்னைய விட்டா வேற ஆளே இல்லைன்னு சொல்லிரு” என்று நேற்றே படித்துப் படித்துச் சொன்னான்.

அதிகாரி அதையேதான் கேட்டார். “ஒங்களுக்குப் பதிலா வேற ஆள் இல்லையா தம்பி?”

“இருக்காரு சார். திருநெல்வேலியிலேருந்து வரணும். அதுவரைக்கும் பேஷன்ட் காத்துக் கெடக்கணும்.”

கார்த்தி என் காலை மிதித்தான். அதிகாரி சிரித்துவிட்டார்.

“இன்னைக்கு வந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் வேற ஆள் இருக்குன்னு உண்மையைச் சொல்லியிருக்கீங்க. முதல் தடவை, எச்சரிச்சு விடுறேன்.”

வெளியே வந்ததும் கார்த்தி, “இந்த வாய்க்கு எதுக்குடா வக்கீலு?” என்றான்.

நிம்மதியாக இருக்கிறது. இனிச் செய்ய வேண்டியவை:

1. போனை பேக்கில் போட்ட பிறகுதான் பைக்கை ஸ்டார்ட் பண்ணணும்.
2. போனை எடுக்காவிட்டால் வண்டியில் இருக்கிறேன் என்று, மெஷின் நின்றால் கூப்பிடும் ஆஸ்பத்திரி நர்ஸுகளிடம் சொல்லிவைக்கணும்.
3. காலையில் மேலூர் மெஷின். பைக்கிலேயே போறேன்.