உப்பில்லாப் பத்தியம்

ஆனி, வெள்ளி இரவு.

இல்லை, அம்மாவிடம் கத்தியதற்கு நான் வருந்தவில்லை. குடலை மறுபடி இணைத்து மலம் வடிய வயிற்றில் ஒட்டியிருக்கும் இந்தப் பையை எடுக்கும் ஆபரேஷன் வரும் திங்களன்று நடப்பதாக இருந்தது. இன்று தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள். உடம்பில் நீரும் உப்பும் வற்றி, சிறுநீரகம் சோர்ந்துவிட்டதாம்.

வற்றாமல் என்ன செய்யும்? செங்கோட்டை அத்தை சொன்னாள் என்று மூன்று வாரமாக உப்பில்லாப் பத்தியம். தண்ணீரும் அளந்துதான்.

அம்மா டாக்டரிடம் பெருமையாகவே சொன்னாள்: "பச்சப்புண்ணுல்லா, உப்ப கண்ணுலயே காட்டலம்மா."

"பை வழியா போறதே உப்புத்தண்ணிதாம்மா. இவளுக்கு உப்பு கூடுதலாக் குடுக்கணும்" என்றார் டாக்டர்.

"வீட்டுக்கு அனுப்பும்போது ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டேன். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாரல். நனைந்தபடியே கத்தினேன்.

"ஏட்டி, பை நெறஞ்சா அழுததே நீதான. பிள்ள அழுவுதாளேன்னுதான் தண்ணிய கொறச்சேன்."

அது உண்மை. அதுதான் இன்னும் எரிகிறது.

பை நிறையட்டும். எழுந்துபோய்த் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, நின்றபடியே ஒரு தம்ளர் குடித்தேன்.