வலப்பக்கத்துக் கிணறு

உன் மௌஸின் இடது பொத்தானில் நீ ஒட்டிய பிளாஸ்டர் இன்னும் அப்படியே இருக்கிறது. எதை அழுத்துவது என்று மறந்துவிடுகிறதே என்று ஒட்டியது. ஓரங்கள் கறுத்துவிட்டன, உன் விரல் பட்ட நடுப்பகுதி மட்டும் தேய்ந்து மினுங்குகிறது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் உன் கணவர் அதையும் மடிக்கணினியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

"தங்கச்சி, நம்மட இணையப் பக்கத்துல இருக்கிற அந்தக் கிணத்துப் படத்த மட்டும் எடுத்துடுங்க."

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். "அதுல அவட கை இருக்கு. எப்ப திறந்தாலும் அதுதான் கண் முன்னுக்கு நிக்குது. என்னால ஏலாது."

அந்தப் பக்கத்தை நாம் கட்டிய நாட்கள் நினைவிருக்கிறதா? கச்சான் காற்று தொடங்கினால் களப்புத் தண்ணீரில் பட்டம் பிடித்துச் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். உன் வீட்டின் இரண்டு அறைகளையும் அவர்களுக்கு வாடகைக்கு விட நினைத்தாய். "இணையத்துல இன்னொருத்தன்ட வாசலால ஏன் ஆக்கள் வரணும்? நம்மட ஊட்டுக்கு நாமளே வாசல் வைப்பம்" என்றாய். பாடசாலையில் வணிகம் படிப்பிக்கும் எனக்கும் இணையப் பக்கம் கட்டத் தெரியாது. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உனக்கும் தெரியாது. தெரியாத இருவரும் ஒரே கதிரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

திரையின் இடப்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள். தலைப்பு, படம், பொத்தான், வரைபடம். வேண்டியதைப் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விடவேண்டும். நீ பிஸ்மில்லா சொல்லிப் படத்தைப் பிடித்தாய். பாதி வழியில் கையை விட்டாய். அது தலைப்புக்கு மேலே போய் ஏறி உட்கார்ந்தது. இன்னொரு முறை இழுத்தாய். அடியில் போய் விழுந்தது.

"சொன்ன இடத்துல இருக்க மாட்டேங்குது. என்ட மனுசன் மாதிரியே."

"எனக்குக் கேக்குது!" என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது.

"கேக்கட்டும் எண்டுதான் சொன்னேன்."

பிறகுதான் விளங்கியது. முதலில் பக்கத்தை நெடுக்கு நிரல்களாகப் பிரிக்கவேண்டும். படத்தை அதற்குள் கொண்டுபோனால் ஒரு நீலக்கோடு தோன்றும். கோடு தெரிந்த பிறகே விரலை எடுக்கவேண்டும். நீ தலையாட்டினாய். "அப்ப முதல்ல அறை, பிறகுதான் அலுமாரி."

சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குப் பழைய அலுமாரியொன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில், உன் உம்மா முதலில் வாங்கிய பொருள் ஓர் அலுமாரி. வைக்க இடமில்லாமல் அது கொட்டிலுக்கு வெளியே பொலித்தீன் சுற்றி மழையில் நின்றது. அதைத்தான் நீயும் நினைத்திருப்பாய். "அறை இருந்தாப் போதும் புள்ள. அலுமாரி எப்பவாவது வரும்" என்றாய்.

உன் வீட்டின் கதைக்காக மூன்று நிரல்கள் போட்டாய். முதல் படம், யுத்தம் முடிந்தபின் நாம் ஊர் பார்க்கப் போனபோது நான் எடுத்தது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. உங்கள் கிணறு மட்டும் மிச்சம். நீ படத்துக்கு நிற்கமாட்டேன் என்றாய். ஆனாலும் கிணற்றுக் கட்டைப் பிடித்திருந்த உன் கை படத்தில் விழுந்துவிட்டது. இரண்டாவது, கொட்டில். மூன்றாவது, வெள்ளை விரித்த கட்டிலோடு இன்றைய அறை.

கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தபோது அறை மேலே நின்றது, கிணறு அடியில் கிடந்தது. நான் திகைத்தேன். நீ கிணற்றை வலப்பக்கத்திலும் அறையை இடப்பக்கத்திலும் வைத்திருந்தாய். ஆயுள் முழுக்க அரபு எழுத்தை ஓதிய கண், வலத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. தொலைபேசியோ இடப்பக்கத்திலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறது.

"பிழையா வெச்சிட்டனா?"

"மாத்தலாம். இழுத்து விட்டாச் சரி."

நீ தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாய். "வேணாம், விடு. வாறவங்க அறையில இருந்து தொடங்கட்டும். நாம கிணத்துல இருந்து தொடங்குவம். நடுவுல சந்திப்பம்."

அந்தக் காற்றுக் காலம் முழுக்க உன் அறைகள் நிறைந்திருந்தன. அடுத்த காற்று வருமுன் நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டாய்.

இன்று காலை பக்கத்தைத் திறந்தேன். கிணற்றின் மேல் சுட்டியைக் கொண்டுபோனதும் நீலச் சட்டம் உன் கையைச் சுற்றி எழுந்தது. பிளாஸ்டரின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தேன். அவர் அந்த வீட்டில் இருந்தாகவேண்டும். நாளும் முன்பதிவு பார்க்க இந்தப் பக்கத்தைத் திறந்தாகவேண்டும். நீக்கினேன்.

படம் போன இடத்தில் புள்ளிக்கோட்டுக் கட்டமும் நடுவில் ஒரு கூட்டல் அடையாளமும் வந்தன. அந்த நிரலையும் எடுத்துவிட்டால் மற்ற இரண்டு படங்களும் விரிந்து பக்கம் அழகாகிவிடும். உன்னோடு கற்றதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எடுக்கவில்லை. அப்படியே வெளியிட்டேன்.

பின்னேரம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் திறந்து பார்த்தார். "இந்தப் பக்கம் வெறுமையா இருக்கே, தங்கச்சி?"

"இருக்கட்டும் நானா. அது அவட அறை."

அவர் மூடியை மெல்லச் சாத்தினார்.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் வெள்ளை. எனக்கோ, யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் கண் முதலில் வலது ஓரத்துக்குத்தான் போகிறது. நீ அங்கிருந்துதான் தொடங்குவாய்.