வளைவின் வெளி விளிம்பு

ஆல்டெனா,
ஏப்ரல் 14

அன்புள்ள வீப்கே,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஹோபார்ட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் குளிர் தொடங்குவதற்குள் அந்தக் கூரை ஒழுகலை அடைத்துவிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, உருளைக்கிழங்கு ஊன்றியாகிவிட்டது, ஆற்றில் இந்த வருடம் வெள்ளம் இல்லை. நல்ல சேதி இத்துடன் முடிந்தது. மீதியை உன் அக்கா ஸ்வென்யா போனில் சொல்வதற்குள் நான் எழுதிவிட வேண்டும், அவள் சொன்னால் நான்தான் அவள் குடும்பத்தைக் கெடுத்தவள்.

அவள் வீட்டுக்காரன் டோர்பென் போன அக்டோபரில் எங்கள் ஆலைக்கே தரப் பிரிவுத் தலைவனாக வந்தது உனக்குத் தெரியும். வீட்டில் அத்தை, ஆய்வகத்தில் மேடம் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுவான், எனக்கு அது அப்போது சிரிப்பாகக்கூட இருந்தது. ஜனவரியில் ஒரு புது வேலை வந்தது, பேருந்தில் சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் மேடை இருக்கிறதே, அதைத் தாங்கும் எஃகுக் கை. தடித்த தகட்டைச் செங்குத்தாக வளைத்துச் செய்வது. வழக்கம்போல வளைவைக் குறுக்கே வெட்டி, பிசினில் பதித்து, கண்ணாடி போலத் தேய்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தேன். வளைக்கும்போது உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும், அந்த வெளி விளிம்பு முழுக்கக் கறுப்புக் குழிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான், ஆனால் இரண்டு மூன்று கைகோத்துக்கொண்டால் அதற்குப் பெயர் விரிசல். எண்ணி எழுதிக்கொண்டு போனேன், அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு.

டோர்பென் அந்த இலவங்கப்பட்டை வாசனை மிட்டாயை மென்றுகொண்டே திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், இது எஃகுல இருக்கற குழி இல்ல, நீங்க தேய்ச்ச தேய்ப்புல பேந்து வந்தது. வயசாகுதில்ல, கை கொஞ்சம் தளர்ந்திருக்கும்” என்றான். இந்த ஆய்வக வேலையில் முப்பத்தோரு வருடம் வீப்கே! நேரே போய், கையே படாமல் அயனிக் கற்றையால் சீவும் இயந்திரத்தில் வேறொரு துண்டைத் தயார்செய்து வந்து வைத்தேன். அதே குழிகள். உடனே குரலை மாற்றிக்கொண்டான். “அத்தை, தகட்டோட நடுவுல படம் எடுங்களேன். அதுவும் அதே எஃகுதானே, படம் பொய் சொல்லாதுல்ல” என்றான். வளைக்கும்போது தடிமனின் நடுக்கோடு இழுபடவும் செய்யாது, நெருங்கவும் செய்யாது, அங்கே குழி எப்படி இருக்கும்? அவனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே அத்தை என்று கூப்பிட்டானே, அந்த வார்த்தையே எச்சிலாகிவிட்டது எனக்கு.

நான் செய்ததைக் கேள். நடுவில் படம் எடுத்தேன், அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன். அவன் வேலையில்லாமல் சோபாவில் கிடந்த அந்த ஒன்றரை வருடத்தை ஸ்வென்யா இன்னொரு முறை தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு பேருந்து நிறுத்தத்தில் அந்த மேடை இறங்கும் சத்தம் கேட்டாலே குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சோற்றுக்கு முன் கை கழுவக் கழுவ அழுக்கு போகாத மாதிரி இருந்தது.

மார்ச்சில் அடுத்த தொகுதி வந்தது, குழிகள் இன்னும் அதிகம். டோர்பென் என்னைக் கேட்கவே இல்லை, நடுக்கோட்டுப் படங்களை அவனே போட்டு அறிக்கை தயார்செய்துவிட்டான். வாங்கும் கம்பெனியிலிருந்து சாவிட்ஸ்கி என்ற அம்மாள் செவ்வாய்க்கிழமை காலை சோதனைக்கு வந்தார். அவன் படங்களைக் காட்டி, “ஒரு குழிகூடக் கிடையாது மேடம்” என்று பல்லைக் காட்டும்போது நான் கதவைத் தட்டாமலே உள்ளே போய், “அம்மா, இது தகட்டோட நடு. வெளி விளிம்பைப் பார்க்கணும்னா ஆய்வகத்துக்கு வாங்க” என்றேன். அந்த அம்மாள் எழுந்து வந்து பத்து நிமிஷம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “ஜனவரி தொகுதி?” என்று மட்டும் கேட்டார். “அதுவும் இப்படித்தான். அதுல கையெழுத்துப் போட்டது நான்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரமே பேருந்துகளை நிறுத்தி எல்லா எஃகுக் கைகளையும் கழற்றினார்கள். ஒன்றில் வெறும் கண்ணுக்கே தெரிகிற விரிசல் இருந்ததாம், விரல் நீளம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் சாமர்த்தியம் இல்லை. டோர்பெனை அனுப்பிவிட்டார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், அது நியாயம். ஆனால் எல்லாம் தெரிந்தும் ஜனவரியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த முதலாளி மறுநாள் பூங்கொத்தோடு வந்து, “நேர்மைன்னா நீங்கதான், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா” என்றார் பார். பூவைத் தேய்ப்புக் கழிவு வாளியில் போட்டுவிட்டுத்தான் பேசினேன், போட்டோ கிடையாது என்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காபிக்கு ஸ்வென்யா மட்டும் வந்தாள், உட்காரவில்லை. “அவரைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா. ஜனவரியில வாய மூடிட்டு இருந்தவதானே நீ” என்றாள். அவளுக்கும் எனக்குமாகத் தட்டில் வெட்டிவைத்த கேக் அப்படியே இருந்தது. அவள் போன பிறகு அப்பா, “ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுறீங்க, நான் யாரைத் திட்டறது” என்று சொல்லிவிட்டு இரண்டு துண்டையும் அவரே சாப்பிட்டார்.

கண்ணே, நீ என்னைத் தைரியசாலி என்று எழுதாதே, படிக்கவே அருவருப்பாக இருக்கும். அக்கா கூப்பிட்டால் என் பக்கம் பேசாதே, குறுக்கே விழாமல் கடைசி வரை கேள். அவளுக்கு இப்போது பேச ஆள் வேண்டும், அது நானாக இருக்க முடியாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிம்மதியாகத் தூங்கி எழுந்து நல்லபடியாக இருக்க என் ஆசீர்வாதம். அக்காவுக்கு வரும் வெள்ளிக்கிழமை பிறந்தநாள், மறந்துவிடாதே. என் பெயரைச் சொல்லாமல் வாழ்த்து.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹைட்ரூன்