முகம் மட்டும் போதுமாம்

மார்ச் 3

கடைசிப் பறிப்பும் முடிந்தது. பழுப்புப் பஞ்சு. சாயம் ஏற்றாமலே டீத்தூள் நிறத்தில் வெடிக்கிற ரகம். பின்னறையில் போன வருடச் சரக்கு கூரையை முட்டுகிறது. இந்த வருடத்தைப் படுக்கையறையில் அடுக்கினோம். "அடுத்த வருஷம் பஞ்சு உள்ள, நாம வெளியில" என்றார் வீட்டுக்காரர். சிரித்தேன். எரிச்சலும் வந்தது.

போன வருடம் துணிக் கம்பெனியிலிருந்து ஒருத்தி வந்தாளே, தலைமேல் எப்போதும் கறுப்புக் கண்ணாடி, எங்கள் வீட்டில் அவள் பெயரே கண்ணாடிக்காரி. "மொத்தமும் நாங்களே எடுத்துக்கறோம்" என்றாள். வயலில் என்னை நிற்கவைத்துப் படம் பிடித்தாள். மாதிரிக்கென்று ஒரே ஒரு மூட்டை கொண்டுபோனாள். அவளை நம்பித்தான் மறுபடியும் விதைத்தோம். கேட்டால், "பிராசஸ்ல இருக்கு மேடம்." எந்த பிராசஸ்?

மார்ச் 8

நாத்தனார் போன் செய்தாள். நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். "அண்ணி, துணிக்கடை வாசல்ல உங்க மூஞ்சி. கதவு உசரத்துக்கு வெச்சிருக்காங்க." கீழே எழுதியிருக்கிறதாம்: 'இவர் வயலில் விளைந்தது, இன்று உங்கள் உடலில்.'

இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்காரரைக் கூட விடாமல் சொல்லிவிட்டார்.

என் வயலில் விளைந்தது என் கட்டிலுக்குப் பக்கத்தில் அல்லவா கிடக்கிறது?

மார்ச் 12

அடையாளம் தெரியாமலிருக்க முக்காடு போட்டுக்கொண்டு நாத்தனாரோடு போய்ப் பார்த்தேன். நல்ல படம்தான், பொய் சொல்வானேன். உள்ளே அலமாரி அலமாரியாகப் பழுப்புச் சட்டைகள். விற்பனைப் பெண்ணிடம், "இவ்வளவும் அந்தம்மா வயல்ல வந்ததா?" என்று கேட்டேன். "ஆமா மேடம், எல்லாமே." பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஒரு மூட்டையில் ஒரு கடை நிறையச் சட்டையா?

முக்காட்டை எடுத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "நான்தான் இது. என் பஞ்சு இதுல இல்ல. என் வீட்ல கிடக்கு" என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. இன்னும் சத்தமாக இரண்டாவது தடவை சொன்னேன். மேனேஜர் ஓடிவந்தார். "உள்ள வந்து பேசலாம்மா." உள்ளே எதற்கு? என்னை நீங்கள் வாசலில்தானே வைத்திருக்கிறீர்கள்? நகரவில்லை. நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆனால் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

ஒரு அம்மா கையிலிருந்த சட்டையை மடித்துத் திரும்ப வைத்துவிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 13

தொண்டை கட்டிவிட்டது. வருத்தமில்லை.

மார்ச் 17

கண்ணாடிக்காரி வீட்டுக்கே வந்தாள். கோபமே இல்லை, தேன் ஒழுகுகிறது. இன்னொரு தடவை படம் எடுப்பார்களாம், அதற்குச் சம்பளம் உண்டாம், நான் கம்பெனியின் அம்பாசடராம்.

"பஞ்சு?"

"உங்க பஞ்சு இழை குட்டை மேடம். எங்க மெஷின் எடுக்காது."

"அப்போ மெஷின் மூஞ்சியைப் போடுங்க."

பக்கத்திலிருந்த இவர் என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. "பஞ்சை எடுத்துக்கிட்டா முகம் சும்மாவே தரேன். பஞ்சு வேணாம்னா முகமும் கிடையாது. படத்தை இறக்கிடுங்க."

"எங்களுக்கு வேற விவசாயிங்க கிடைப்பாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மார்ச் 18

பெரிய சண்டை. "முகம்தானே, தேஞ்சா போயிடும்? வந்ததைக் காலால தள்ளிட்டியே" என்கிறார். தேயாதா? என்னை நம்பி ஒருத்தி பொய்த்துணி வாங்கிக் கட்டினால் தேயாதா? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடப் போகிறாராம். போடட்டும். வயலில் என் பாதியில் நான் பஞ்சுதான் விதைப்பேன். சொல்லிட்டேன். சொன்னதுதான்.

மார்ச் 21

பேச்சுவார்த்தை இல்லை. சோறு மட்டும் பரிமாறிக்கொள்கிறோம்.

ஏப்ரல் 6

கடையில் நம்பர் வாங்கிய அம்மா வந்தார். அக்காவும் தங்கையுமாகத் தறிக்கூடம் நடத்துகிறார்களாம். மூட்டைக்குள் கையைவிட்டு, பிய்த்து, முறுக்கிப் பார்த்தார். "கை ராட்டையில நூத்துடலாம். துணி கொஞ்சம் முரடாதான் வரும். பை, மெத்தை உறை, தடிச்ச சட்டைன்னா ஆகும். குழந்தைங்களுக்கு ஆகாது, அதையும் சொல்லித்தான் விப்பேன்."

ஆகாது என்றதைக் கேட்டபிறகுதான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

போன வருடச் சரக்கில் பாதி வண்டியேறியது. மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தது இவர்தான். பின்னறையில் ஜன்னல் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 29

படத்தை இறக்கிவிட்டார்களாம். அதே இடத்தில் இப்போது வேறொரு பெண், வேறொரு வயல். நாத்தனார் படம் எடுத்து அனுப்பினாள். சின்ன வயது. சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிகிறது.

மே 4

நாத்தனார் யார் யாரையோ பிடித்து அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிக் கொடுத்தாள். பேசினேன். முதலில் என்னை நம்பவில்லை, "நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். "எந்தக் கம்பெனியும் இல்லம்மா. உனக்கு முன்னாடி அந்த வாசல்ல நின்னவ. உன்கிட்ட எவ்வளவு எடுத்தாங்க?"

"மாதிரிக்குன்னு ஒரே ஒரு மூட்டை, அக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். இவரிடம் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "நான் பேச மாட்டேன். பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.