கிணற்றுக்கு முன்னால் ஓர் ஊஞ்சல்

மார்ச் 14, திங்கள்

ஊஞ்சல் வேண்டுமென்று நான் அழுதேனாம். என் கொழுந்தன் எவாரிஸ்தோ கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறான். "அண்ணன் போனதுலேருந்து அண்ணி குழந்தையா மாறிட்டாங்க. ஊஞ்சல் கட்டிக் குடு, ஊஞ்சல் கட்டிக் குடுன்னு ஒரே அழுகை. பாவமாப் போச்சு. அவங்க தோட்டத்துக்கு நட்டநடுவுல கட்டிக் குடுக்கப் போறேன்." சமையல்காரி நிக்கோலாசா விலா எலும்பு வாங்கப் போன கடையில் இதைக் கேட்டுவிட்டு வந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் ஒப்பித்தாள்.

இந்தத் தாளிலாவது உண்மை இருக்கட்டும். நான் கேட்கவில்லை. அழவும் இல்லை. என் கணவர் தியோபிலோவை அடக்கம் செய்த அன்றுகூட இந்த ஊர் என் கண்ணீரைப் பார்த்ததில்லை. எவாரிஸ்தோ தானாக வந்தான், தானாகச் சொன்னான். மறுத்தால் இறந்தவரின் தம்பியை அவமதித்ததாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மார்ச் 17, வியாழன்

வேலை தொடங்கிவிட்டது. தோட்டம் முழுக்கப் புகையிலை எச்சில். தச்சன் ஒரு பக்கம் துப்புகிறான், கொழுந்தன் இன்னொரு பக்கம்.

கம்பங்களின் பட்டையைக்கூட உரிக்கவில்லை. வெட்டுவாயில் பச்சைச் சாறு கசிகிறது, ஆட்டுக்கொட்டகை நாற்றம். "கேதுரு மரம்னு சொன்னியே?" என்றேன்.

"உட்கார்ற பலகை கேதுருதான் அண்ணி. கம்பம் சும்மா காட்டு மரம். பட்டையோட நின்னாத்தான் அழகு. கார்த்தஹேனா பட்டணத்துல பணக்காரங்க எல்லாரும் இப்படித்தான் வெக்கறாங்க."

பணக்காரர்களின் ரசனையை இவன் எனக்குச் சொல்லித்தருகிறான்! சட்டையில் முந்தாநாள் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு ஒட்டியிருக்கிறது.

கிணற்றுக்குப் பின்னால், அவன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே இருந்த பொது வேலியை, உளுத்துவிட்டது, புதிதாக ஊன்றுகிறேன் என்று ஜனவரியில் பிடுங்கிப் போனவன் இவன்தான். அதைச் செய்யக் காணோம். ஊஞ்சல்!

மார்ச் 19, சனி

முடித்துவிட்டார்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிற்கிறது. ஒருமுறை உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. இந்த வயதில் கால் தொங்க ஆடவேண்டுமாம். எழுந்தபோது ஆணி பாவாடையைக் கிழித்தது.

அதோடு விடவில்லை. ஊஞ்சலின் இருபுறமும் தோட்டத்தின் குறுக்கே வரிசையாகக் கம்பங்கள் ஊன்றியிருக்கிறான். கொடி படரவிட்டு எனக்கு நிழல் தரப்போகிறானாம். எனக்குத் தையல் கற்றுத்தந்தவர்கள் மடத்துக் கன்னியாஸ்திரீகள். கோணல் என்றால் கண்ணில் குத்தும். குறை கண்டுபிடிக்கவே நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு கம்பம்கூட விலகவில்லை. தலைவகிடு நேராக எடுக்கத் தெரியாதவனுக்கு இவ்வளவு நேர்கோடு எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 1, பெரிய வெள்ளி

வழக்கப்படி எவாரிஸ்தோ வீட்டிலிருந்து பயறு இனிப்பு வந்தது. கரண்டி வைத்ததும் மேலே எண்ணெய் மிதந்தது. நிக்கோலாசாவிடம் கொடுத்துவிட்டேன், அவளும் கோழிக்குப் போட்டாள். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால் எங்கள் கிழங்கு இனிப்பை வைத்து அனுப்பினேன். அவர்களுக்கு அது அதிகம்.

ஏப்ரல் 22, வெள்ளி

முதல் மழை பெய்து ஒரு வாரமாகிறது. காலையில் நிக்கோலாசா கொல்லையிலிருந்து கத்தினாள்: "அம்மா! உங்க ஊஞ்சல் துளிர் விட்டிருக்கு, வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். ஊஞ்சல் கால்கள், கொடிக் கம்பங்கள், எல்லாவற்றிலும் பச்சைத் துளிர். மத்தாரத்தோன். காட்டு மரமாம்! இந்தப் பக்கத்தில் அதை வெட்டி ஊன்றுவது ஒன்றுக்குத்தான். வேலிக்கு. ஊன்றினால் வேர் பிடிக்கும், பிடித்தால் அது எல்லை.

ஊஞ்சலுக்குப் பின்னால் என் கிணறு. கோடையில் வற்றாத கிணறு.

பட்டையைப் பார்த்தேன், சாற்றை முகர்ந்தேன், நூல்கூடப் பிடித்தேன். பார்த்தது எல்லாம் அழுக்கு. சீ.

ஏப்ரல் 25, திங்கள்

கிணற்றடியில் அவனுடைய மாடுகள். தொட்டியில் அவற்றின் எச்சில் நூல் நூலாக மிதக்கிறது. கல்லின் மேல் சாணி. அந்தக் கல்லில்தான் என் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறோம்.

கூப்பிட்டனுப்பினேன். தொப்பியைக் கழற்றாமல் வந்து நின்றான்.

"உயிர்வேலி எங்க நிக்குதோ அங்கதான் எல்லை, அண்ணி. உங்க பத்திரத்துலயே அப்படித்தானே எழுதியிருக்கு?"

அப்படித்தான் எழுதியிருக்கிறது. இங்கே எல்லோருடைய பத்திரத்திலும் அப்படித்தான்.

"அது ஊஞ்சல்டா!"

"ஊஞ்சலா? வேலியில ஒரு பலகை தொங்குது. இடைஞ்சலா இருந்தா கழட்டிக்கோங்க."

எழுத்தைப் பார், கோழி கிறுக்கின மாதிரி. போதும்.

ஏப்ரல் 27, புதன்

எல்லை வழக்குகளைத் தீர்க்கும் இன்ஸ்பெக்டர் லிபோரியோவிடம் போனேன். மேசையில் எறும்பு மொய்க்கும் காப்பிக் கோப்பை. அதைத் தள்ளிவைக்கக்கூட அவருக்குச் சோம்பல்.

"நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார், தோன்யா உர்சுலினா. அந்த இடம் யாரோடதுன்னு ஊர் சொல்லட்டும்." தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவதில் மட்டும் குறைவில்லை.

ஊருக்கு என்ன தெரியும்? என் கொல்லைக்குள் யாரையும் நான் விட்டதில்லை. பழைய வேலி நின்ற இடத்தைக் கண்டவர் யாருமில்லை. நிக்கோலாசா என் சம்பளக்காரி, அவள் பேச்சு எடுபடாது. என் தோட்டத்தைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கிழவி ஊஞ்சலுக்கு அழுதாள். கொழுந்தன் அவள் தோட்டத்துக்கு நட்டநடுவில் கட்டிக்கொடுத்தான்.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, நட்டநடுவில் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன்.

ஏப்ரல் 30, சனி

பிறர் சொன்ன பொய்க்கு ஆமாம் போடுவது பாவமா? எனக்குத் தையல் கற்றுத்தந்த மதர் பெர்பெத்துவா பாவம்தான் என்பார். அவர் மடத்தில் குழாய்த் தண்ணீர் வந்தது.

மே 1, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றார்கள். எவாரிஸ்தோ தன் கூட்டத்தோடு. லிபோரியோவும் இருந்தார். நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"எவாரிஸ்தோ, ஊரே உன்னைப் பாராட்டுது. நான் இன்னும் நன்றி சொல்லல."

அவன் திருதிருவென்று விழித்தான்.

"ஊஞ்சல் வேணும்னு அழுதேன். குழந்தை மாதிரி அழுதேன்." அழுதேன் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னேன்.

இறைச்சிக் கடைக்காரன் கனைத்தான். "இன்னும் ஆடறீங்களா, தோன்யா? யாரு தள்ளிவிடறாங்க?" வாசலே சிரித்தது.

"நானே ஆடிக்கறேன்," என்றேன். "வேலி ஓரமா எங்கேயாவது கட்டியிருக்கலாம். இவன் என் தோட்டத்துக்கு நட்டநடுவுல கட்டிக் குடுத்தான். இல்லையா எவாரிஸ்தோ?"

சிரிப்பு அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினான். "பின்னே? நட்டநடுவுலதான்! நானே அடி வெச்சு அளந்து—"

அதற்குள் லிபோரியோவின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"நட்டநடுவுலன்னா," என்றார் லிபோரியோ, பல் குத்திக்கொண்டே, "கிணத்துப் பக்கமும் அவங்களோடதுதானே?"

எவாரிஸ்தோ அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். பற்களில் புகையிலைக் கறை.

வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளித்தேன். பொய்யின் ருசி போகவில்லை. நாளை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம்.

மே 9, திங்கள்

மாடுகள் வரவில்லை. தொட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கொடிக் கம்பங்களை நிக்கோலாசா பிடுங்கிப் போட்டாள். ஊஞ்சலைத் தொடவேண்டாம் என்றேன், ஆணியை மட்டும் அடித்து இறக்கச் சொன்னேன். தழை கண்டபடி வளர்கிறது, புழு விழுகிறது. உட்கார்ந்து பார்த்தேன். கால் இன்னும் எட்டவில்லை. ஆனால் அங்கிருந்து கிணறு முழுவதும் தெரிகிறது.

எவாரிஸ்தோவுக்கு இன்று அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

எவாரிஸ்தோ, ஜனவரியில் பிடுங்கிய வேலியைக் கிணற்றுக்குப் பின்னால், பழைய இடத்திலேயே, எந்த நாளில் ஊன்றுவாய்? ஆள் அனுப்பிச் சொல்லாதே, நேரில் வந்தும் சொல்லாதே. எழுதி, கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பு.