அப்பாவின் இடது கால்

குத்துக்கல்வலசை, தென்காசி
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் விஜய்பாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன்னோடு அந்தப் பனியில் காவல் நிற்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது, அந்த எல்லோரிலிருந்து உங்க அப்பாவை மட்டும் கழித்துவிட்டு வாசித்துக்கொள். உன் முகாமிலிருந்து போன் வந்தால் பேசக் கிடைப்பது ரெண்டு நிமிஷம், அதையும் அவர் பிடுங்கி, நல்லாருக்கேம்லே, வண்டி ஓடுது, இங்கன நல்ல மழை என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதில் மழை ஒன்றுதான் நிஜம். துணி துவைக்கிற சாக்கில் திருநெல்வேலி ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன், இப்படி எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் எழும்பி வந்து பேனாவைப் பிடுங்குவார் என்று எழுத வந்தேன், எழும்பி வர முடியாது என்று உடனே ஞாபகம் வந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து வாசி. அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. முட்டியாவது மிஞ்சுமா என்பதுதான் இப்போது எங்கள் கவலையெல்லாம்.

ஆனி மாசம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றும்போது பெட்டி ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை வந்த காலுக்கு ஆணி ஏறியதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது நான்தான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினேன், அதுவும் உங்க அப்பாவுக்காக இல்லை, அப்போதுதான் துடைத்த தரைக்காக. டாக்டரிடம் போவோம் என்றேன், ஆணிக்கெல்லாம் டாக்டர்ட்ட போனா வண்டியை யாரு உங்க அய்யாவா ஓட்டுவாரு என்றார். செத்துப்போன எங்க அப்பாவை எதற்கு இழுக்கிறீர்கள் என்று நானும் சண்டையை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டேன், கால் விஷயம் அப்படியே நின்றுவிட்டது. நம்ம காய்கறி வண்டிக்காரர்கள் வழக்கம் உனக்குத் தெரியும், கேரளாவில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் செங்கோட்டை தாண்டியதும் ஸ்டியரிங் தானாகக் குற்றாலத்துப் பக்கம் திரும்பும், அருவியில் நின்றுவிட்டுத்தான் வீடு. சீசன் வேறு, சாரல் வேறு. மூலிகைத் தண்ணி, புண்ணு தன்னால ஆறிரும் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு நடைக்கும் அந்தக் காலை நனைத்து, ஈரத்தோடு ரப்பர் செருப்புக்குள் திணித்துக்கொண்டு வந்தார். அருவிமேல் பழி போடாதீர்கள், புண்ணை ஊற வைத்ததுதான் தப்பு என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னார். அருவிக்கு ஒரு ஆறுதல், எங்களுக்கு என்ன ஆறுதல்.

இன்னொரு கூத்தும் உண்டு. இவர்கள் வண்டியில் முன்னால் ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் ஆர்சி புத்தகம் இருக்கிறதோ இல்லையோ பாதி பாதி மாத்திரை அட்டைகள் கண்டிப்பாக இருக்கும். பல்வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கில் மிச்சம், இருமலுக்கு வாங்கியதில் மிச்சம், ஒருத்தர் மிச்சத்தை இன்னொருத்தர் பீடி கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அவர் கூட்டாளி இசக்கியப்பன், வே பாண்டி, இதப் போடும், கப்புன்னு கேக்கும் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறான். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டு மீதியை இவர் புளியரைச் செக்போஸ்டில் வேறொரு டிரைவருக்குத் தானம் பண்ணியிருக்கிறார். மறுபடி வீங்கியது, வேறு கலரில் வேறு அட்டை. தானத்தில் கர்ணன்தான், வாங்கியதிலும்.

ஆவணியில் குதிகால் கறுத்துக் காய்ச்சல் வந்தது. வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. மூக்கம்மாள் மதினி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினாள். சுடலைராஜ் சித்தப்பா ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து, பெரிய ஆசுபத்திரியிலேயே இப்போ தேன்தான் மதினி போடுதாவ, போன்ல பாத்தேன் என்று புண்ணில் ஊற்றிவிட்டார். விடிந்து பார்த்தால் எறும்பு வரிசையாகக் கட்டிலேறிக்கொண்டிருக்கிறது. நான் அன்று சிரித்தேன் ராசா. போர்வையை விலக்கிப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஷமீம் பானு என்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், கோபப்படத் தெரியாத முகம். புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்ததில் எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. அண்ணாச்சி, நீங்க மாத்திரை சாப்பிடல, கிருமிக்கு டியூஷன் எடுத்திருக்கீங்க, அரைகுறையா அடிச்சு அடிச்சு அதுக்குத் தப்பிக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்க என்றார். என் பிள்ளைக்கு நான் எடுத்த டியூஷன் ஏறவே இல்லையே டாக்டர் என்று இவர் பதில் சொல்கிறார். அந்த நிலைமையிலும் உன்னை விடவில்லை. மாத்திரை ஊசி கேட்காத புண்ணுக்கு வேறு வழிகளைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். சித்தப்பா சொன்னது முழுப் பொய் இல்லை, ஆசுபத்திரியிலும் தேன் போட்டார்கள், ஆனால் அது புண்ணுக்கென்றே கிருமி நீக்கி டியூபில் அடைத்தது. மேல்புண் சுத்தமானது, எலும்பு வரை போனதை அது எட்டவில்லை. பிறகு புண்ணுக்குள் பஞ்சு வைத்துக் கண்ணாடித் தாள் ஒட்டி ஒரு மிஷின் சீழை உறிஞ்சியது, கெணத்து மோட்டாரக் காலுல மாட்டிட்டாவ என்று உங்க அப்பா வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

கடைசியாக டாக்டரம்மா சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கிருமியை மட்டும் தேடித் தின்கிற வைரஸ் இருக்கிறதாம், மனுஷரைத் தொடாதாம், ஃபேஜ் என்று பேர், ஆற்றுத் தண்ணீரிலும் சாக்கடையிலும் தேடித்தான் பிடிப்பார்களாம். கொரோனாவுக்கு மாஸ்க் போட்டு வைரஸை வெரட்டினோம், இப்போ சாக்கடையில இருந்து தாம்பாளம் வச்சுக் கூட்டிட்டு வரணுமாக்கும் என்றார் அப்பா. கடையில் விற்கிற மருந்தில்லை, தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் மேலே, எல்லா ஃபேஜும் எல்லாக் கிருமியையும் தின்னாது, இந்தக் கிருமிக்கு இந்த ஃபேஜ் என்று பொருத்தம் வேண்டும். அப்பா புண்ணிலிருந்த கிருமியை வடக்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். உனக்குப் பெண் தேடி ஜாதகம் அனுப்பிவிட்டுக் காத்திருந்த மாதிரியே காத்திருந்தேன். அதே பதில்தான் வந்தது, கையிருப்பில் எதுவும் பொருந்தவில்லை, இன்னும் தேடுகிறோம் என்று. அவர்கள் தேடி முடிக்கும் வரை கிருமி பொறுக்கவில்லை. காய்ச்சல் ஏறி ஆள் என்னை ஜெயா என்று கூப்பிட ஆரம்பித்தார். வேறு நேரமாக இருந்தால் யார் அந்த ஜெயா என்று ஒரு கை பார்த்திருப்பேன். இனிக் காலா உயிரா என்றார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

நினைவு வந்ததும் போர்வை தட்டையாகக் கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டே போர்வை மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார், உமா, போனது கிளச்சுக் காலுதான், பிரேக்கு இருக்குல்லா. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்றே நானும் வைத்துக்கொண்டேன்.

வெட்டிய இடத்திலும் போன வாரம் அதே கிருமி எட்டிப் பார்த்தது. இது ஏறினால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள், முட்டி இருந்தால்தான் செயற்கைக் கால் மாட்டி நிற்பது நடப்பதெல்லாம் சுலபம். இதற்கிடையில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் விடாமல் தேடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஐஸ் பெட்டியில் வந்தது, தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, கட்டு மாற்றும்போதெல்லாம் புண்ணில் விடுகிறார்கள். காலை எடுப்பதற்கு முந்தியே இது வந்திருந்தால் என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றம் குறைந்திருக்கிறது என்று என் மூக்கு சொல்கிறது. நல்லாருக்கும்னு நெனைப்போம்மா, உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார் அவர். அடுத்த வாரம் மறுபடி சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீ உடனே லீவு கேட்டு ஓடி வராதே, உன்னிடம் சொன்னது தெரிந்தால் அவருக்கு அதுவே இன்னொரு புண். பூட்ஸ் உரசிக் கொப்புளம் என்றாயே, உங்கள் டாக்டரிடம் காட்டு, மாத்திரை கொடுத்தால் கடைசி மாத்திரை வரை முழுங்கு, பக்கத்துப் பையனுக்குப் பங்கு வைக்காதே, ஈரச் சாக்ஸோடு தூங்காதே. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் தளராத காலும் தரட்டும்.

தை மாசம் நீ வரும்போது தென்காசி ஸ்டேஷனுக்கு வந்து நின்றுதான் உன்னைக் கூப்பிடுவாராம், நர்ஸ் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கன ஒக்காந்துக்கிட்டு எம்பிள்ளையப் பாக்க மாட்டேன் என்று. முட்டி மிஞ்சினால் அதற்குள் நிற்கப் பழகிவிடலாம் என்கிறார்கள். மிஞ்சாவிட்டாலும் எப்படியோ பிடித்து நிற்க வைக்கிறேன். நீ இறங்கியதும் காலைப் பார்க்காதே, முகத்தைப் பார். வழக்கமாக அவர் ஓடி வந்து உன் பெட்டியைத் தூக்குவார் அல்லவா, இந்தத் தடவை அவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நீ நடந்து வா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
சு. உமாராணி