செவனம்மா விழும் காட்சி

மார்ச் 3, ஞாயிறு

நாவலை நாடகமாகப் போடுகிறார்கள்; செவனம்மா வேடம் எனக்குத்தான். கொட்டகலை முழுக்க வாழ்த்துகிறது. நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்த றுக்கையா அக்கா, "செவனம்மாவா! அந்த நாவலப் படிச்சு எத்தன தரம் அழுதேன்" என்றார்.

எனக்கு அவளைப் பிடிக்காது. பள்ளியில் படித்தபோதே பிடிக்காது. புருஷனைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு விரட்டிய துரையின் காலில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும் விழுகிறாள். இதற்குப் பெயர் பொறுமையாம். தூ.

மார்ச் 9, சனி

ஒத்திகை. விழமாட்டேன், நின்றே கேட்கிறேன் என்றேன். இயக்குநர் சுதாகரன் சார் கத்தினார்: "செவனம்மாவத் திருத்த நீ யாரு? சனங்க அவளக் கும்பிடுறாங்க. விழு!"

துரையாக நடிக்கும் துஷாந்த் சிரித்தான். ஒன்பது தடவை விழவைத்தார். முழங்கால் எரிகிறது.

மார்ச் 10

விலகிவிடலாமா? விலகினால், தோழியாக நடிக்கும் வினோதாவுக்குக் கொடுப்பார். அவள் அழகாக விழுவாள். மாட்டேன்.

மார்ச் 14, வியாழன்

அடுப்படியில் நின்று செவனம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதுகெலும்பில்லாதவள் என்றேன். அம்மா கரண்டியை எறிந்தாள்.

"நானும் விழுந்தவதான்டி. செக்ரோல்ல, வேலைக்காரங்க பட்டியல்ல, எம் பேர வெட்டுனப்ப, ஒன்ன வயித்துல வச்சுக்கிட்டு விழுந்தேன். எனக்கும் முதுகெலும்பு இல்லயா?"

எந்தத் துரை? ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? கேட்டேன். அம்மா கரண்டியைப் பொறுக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாயே வரல — என்ன மனுசி நான்?

மார்ச் 23, சனி

ஹட்டனில் முதல் மேடை. விழுந்தேன். மண்டபமே அழுதது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் செவனம்மா" என்றார். அவர் கண்ணீர் யாருக்கு வேண்டும்?

ஒன்பது நாளாக முகம் கொடுக்காத அம்மாவும் பார்க்க வந்திருந்தாள்; திரும்பும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தாள். "ஏன் அவ்வளவு வெரசா எந்திரிச்ச? தொர சொல்ற வரைக்கும் எந்திரிக்க ஏலாது."

"எவ்வளவு நேரம் கெடந்தீங்க?"

"பெரட்டு முடிஞ்சு எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறிட்டாங்க."

மார்ச் 30, சனி

தலவாக்கலை. விழுந்தேன். எழவில்லை.

துஷாந்துக்கு எழச்சொல்லும் வசனம் கிடையாது. விழித்தான். "எந்திரி நிஷாந்தி" என்று பல்லைக் கடித்தான். திரைக்குப் பின்னால் சார் ஏசுவது கேட்டது. நான் அசையவில்லை. இந்தமுறை யாரும் அழவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "பாத்துக்கிட்டு நிக்கிறியே நாயே, அவள எந்திரிக்கச் சொல்லுடா!" பிறகு இன்னொருத்தி. பிறகு மண்டபம் முழுக்க. துஷாந்த் இரண்டடி பின்வாங்கினான்.

நாடகம் முடிந்ததும் சார், இனி வராதே என்றார். அடுத்த மேடையில் வினோதாதான் செவனம்மா.

உடை மாற்றும் அறையில் வினோதா என் பக்கத்தில் வந்து நின்றாள். தன்னை வாழ்த்தச் சொல்லுவாளோ என்று எரிச்சலோடு நிமிர்ந்தேன்.

"அக்கா," என்றாள், "நான் எவ்வளவு நேரம் கெடக்கணும்?"